தனித்து வாழும் தாயும் அரசு உதவிகளும் (திருத்துறைப்பூண்டி வட்டாரம்)

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில், கணவனை இழந்தோ பிரிந்தோ பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய் முழுநாள் வேலையிலிருந்து அரைநாள் வேலைக்கோ வாரத்தில் சில நாள் வேலைக்கோ மாறும்போது பெறக்கூடிய உதவிகள் பல சட்டங்களிலும் அரசாணைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பகுதிநேர வேலை என்ற பெயரில் தமிழ்நாட்டில் தனித் திட்டம் கிடையாது. பிரிட்டனில் முன்பிருந்த உழைப்போர் வரிச்சலுகையைப் பெற, தனிப் பெற்றோர் வாரம் 16 மணி நேரமாவது வேலை செய்ய வேண்டியிருந்தது. இங்கே மணிக்கணக்கை யாரும் கேட்பதில்லை. கணவன் இறந்துவிட்டாரா, விட்டுப்போய் எத்தனை ஆண்டு, குடும்ப அட்டையில் யார் பெயர், வருமானம் எவ்வளவு என்பவையே கேள்விகள்.

வேலை குறைவதும் இங்கே பெரும்பாலும் தாயின் முடிவன்று. இது காவிரிப் பாசனத்தின் கடைமடை. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தாலும் தண்ணீர் இங்கு வந்துசேரத் தாமதமாகும். அதனால் நேரடி விதைப்பு பரவியது. நேரடி விதைப்பில் நடவு இல்லை, நடவாட்களுக்குக் கூலியும் இல்லை. அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. பெண்களுக்கு மிஞ்சியது களையெடுப்பும் எஞ்சிய கொஞ்சம் நடவும்தான்.

இத்தகைய தாய்மாருக்கான ஓய்வூதியங்களில் பழமையானது ஆதரவற்ற விதவை ஓய்வூதியம். 1975 ஜூன் 1இல் தொடங்கியது. 18 வயது நிரம்பிய ஏழைக் கைம்பெண்ணுக்கு உரியது. மத்திய அரசின் இந்திரா காந்தி விதவை ஓய்வூதியத்துக்கோ 40 வயது ஆக வேண்டும். கணவனால் கைவிடப்பட்டோருக்கான திட்டம் 1986இல் வந்தது. அதற்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அதோடு சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்தாண்டு கழிந்திருக்க வேண்டும். ஐந்தாண்டு என்பது ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து தொடக்கப் பள்ளியை முடித்துவிடும் காலம். உதவி மிகவும் தேவைப்படும் அந்த ஆண்டுகளிலேயே இந்த ஓய்வூதியம் கிடைக்காமல் போகிறது. 2023 ஆகஸ்ட் முதல் இவ்விரு மாநில ஓய்வூதியங்களும் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டன. விண்ணப்பம் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும்; நேரில் விசாரித்து அறிக்கை தருபவர் கிராம நிர்வாக அலுவலர்.

2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 21 வயது, ஆண்டுக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் என்பவை முக்கிய வரம்புகள். வேலை நாள் குறைவதால் இது நிற்காது. ஆனால் விதவை ஓய்வூதியம் வாங்குபவருக்கு இது கிடையாது, இரண்டில் ஒன்றுதான். கணவன் விட்டுப்போய் ஐந்தாண்டு ஆகாத பெண்ணுக்குத் தன் பெயரில் மாதாமாதம் கைக்கு வரக்கூடிய பணம் பெரும்பாலும் இது ஒன்றே.

உழைப்பின் அளவு உண்மையில் குறுக்கே வரும் இடம் 'ஆதரவற்ற விதவை' என்ற சான்றிதழ். தமிழ்நாடு அரசுப் பணியில் பெண்களுக்குரிய இடங்களில் 10 விழுக்காடு ஆதரவற்ற விதவைகளுக்கு உண்டு. அதற்கான விதி, எல்லா வழியிலும் வரும் மாத வருமானம் 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 336 ரூபாய். மாதம் 12 நாள் முழுக் கூலி கிடைத்தால் 4,032 ரூபாய், வரம்பு தாண்டிவிடும். பாதி மாதம்கூட உழைக்காதவர்தான் ஆதரவற்றவர் என்று ஆகிறது.

'நூறு நாள் வேலை' என்று மக்கள் சொல்லும் இந்த ஊரக வேலை உறுதித் திட்டம் திருவாரூர் மாவட்டத்துக்கு 2007இல் வந்தது. ஊராட்சிகளில் மட்டுமே உண்டு. திருத்துறைப்பூண்டி நகராட்சிக்குள் குடியிருப்போருக்கு இல்லை. நூறு நாள் என்பது குடும்பத்துக்கான கணக்கு என்பதால், ஒற்றைத் தாய் அதைக் கணவனோடு பங்கிட வேண்டியதில்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் பணியிடத்துக்கு வந்தால் ஒரு பெண்ணைக் கூலி கொடுத்தே பார்த்துக்கொள்ள வைக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுச் சட்டம் நாட்களின் எண்ணிக்கையை 125 ஆக்கியது. கூடவே விதைப்பு, அறுவடை மும்முரத்தில் ஆண்டுக்கு 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்தது. வயலில் ஆள் தட்டுப்பாடு வரக் கூடாது என்பது நோக்கம். இயந்திரம் அறுக்கும் கடைமடையில் அந்த 60 நாளில் வயலும் பெண்களைக் கூப்பிடாது.

பிள்ளைகளின் பெயரில் வருவது சில சமயம் தாயின் பெயரில் வருவதைவிடப் பெரிது. கைம்பெண், மணமுறிவு பெற்றவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய் வரை தருகிறது. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் செல்கிறது. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட விழா 2023 ஆகஸ்ட் 25இல் பக்கத்துத் திருக்குவளையில் நடந்தது. விடிகாலையில் வயலுக்குப் போகும் தாய்க்கு அத்திட்டம் ஒரு வேளைச் சமையலைக் குறைத்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மகள் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மகனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன்.

அரசே தரும் பகுதிநேர வேலைக்கு நெருங்கியது சத்துணவுச் சமையல் உதவியாளர் பணி. கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டோருக்கும் அதில் முன்னுரிமை உண்டு. தொடக்கத்தில் தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய்.

கணவன் உயிரோடிருந்தால் பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்தை நீதிமன்றத்தில் கேட்கலாம். 2024 ஜூலை முதல் இது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. தாய் கூலிக்குப் போகிறாள் என்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது. மனைவியை இழந்து பிள்ளை வளர்க்கும் ஆணுக்கோ மேற்சொன்ன ஓய்வூதியங்களிலும் உரிமைத் தொகையிலும் இடமில்லை. மத்திய அரசு ஊழியராக இருந்தால் மட்டும் 2018 முதல் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு.