டிவி மருத்துவமனையில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?

ஒரு காட்சி சொல்றேன், நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. மானிட்டர்ல பச்சைக் கோடு நேராப் போகுது. 'பீ...ப்'னு ஒரே சத்தம். டாக்டர் ரெண்டு கையிலயும் ஷாக் கொடுக்கிற கருவியை எடுத்து, ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சு, "எல்லாரும் தள்ளுங்க"ன்னு கத்துறார். நோயாளியோட உடம்பு கட்டில்ல இருந்து ஒரு அடி எம்பி விழுது. கோடு மறுபடி மேலயும் கீழயும் ஓட ஆரம்பிக்குது. அடுத்த சீன்ல அவர் கண்ணைத் திறந்து மனைவி பேரைச் சொல்றார்.

இந்தக் காட்சியில மருத்துவம் தலைகீழா இருக்கு. அந்த ஷாக், நின்னுபோன இதயத்தை ஓட வைக்கிறதுக்கானது இல்ல. தாறுமாறா துடிக்கிற இதயத்தை ஒரு கணம் அடக்கி, அது தானா சரியான தாளத்துக்குத் திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுக்கும், அவ்வளவுதான். கோடு முழுசா நேராயிட்டா ஷாக் கொடுக்க மாட்டாங்க. நெஞ்சை அழுத்துவாங்க, அட்ரினலின் போடுவாங்க, ஏன் நின்னுச்சுன்னு காரணம் தேடுவாங்க.

இப்படித் தப்பு கண்டுபிடிச்சுக்கிட்டே போனா இந்த எபிசோடு ஜாலியா முடிஞ்சிடும். ஆனா எனக்கு உறுத்துற கேள்வி வேற. இந்த டிராமாக்களை எடுத்தவங்க எழுபது வருஷமா டாக்டர்களைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுத்தான் எடுத்திருக்காங்க. அப்படியும் சில விஷயம் மட்டும் ஏன் தொடர்ந்து தப்பாவே வருது? அதுக்கு அமெரிக்க டிவியோட வரலாற்றைப் பார்க்கணும். உலகம் முழுக்க இன்னிக்கு நாம பார்க்கிற மருத்துவமனை டிராமாவுக்கு அச்சு வார்த்ததுல அவங்க பங்கு பெருசு.

டாக்டர்கள் திருத்திய திரைக்கதை

1954இல் என்.பி.சி. சேனல்ல 'மெடிக்'னு ஒரு தொடர் வந்தது. ஜேம்ஸ் மோசர்னு ஒரு எழுத்தாளர் உருவாக்கினது. நிஜமான மருத்துவமனைக்குள்ள போய் ஷூட்டிங், கேமரா முன்னால நிஜ டாக்டர்கள், நர்ஸ்கள். இதெல்லாம் சும்மா கிடைக்கல. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார மருத்துவர் சங்கம் ஒத்துழைச்சது, பதிலுக்கு திரைக்கதையை அவங்க பார்த்து சரின்னு சொல்லணும்.

அடுத்த வருஷமே அமெரிக்க மருத்துவர் சங்கம் சினிமாவுக்கும் டிவிக்கும்னு தனியா ஒரு ஆலோசனைக் குழு அமைச்சது. 1961இல் 'டாக்டர் கில்டேர்', 'பென் கேஸி'ன்னு ரெண்டு தொடர் வந்து சக்கைப்போடு போட்டுது. கில்டேர் முடியும்போது திரையில சங்கத்துக்கு நன்றி சொல்லி எழுத்து ஓடும்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்தக் குழு ஊசி சரியாப் போடுறாங்களான்னு மட்டும் பார்க்கல. டாக்டர் திரையில எப்படித் தெரியணும்னும் பார்த்தாங்க. அதனால 60கள்ல வந்த டிவி டாக்டர் கிட்டத்தட்ட ஒரு மகான். கருவி, மருந்துப் பேர், கையுறை எல்லாம் கச்சிதம். ஆனா அந்த மனுஷன் நிஜம் இல்ல.

சேனலுக்கும் தனி பயம் இருந்தது. 1964இல் கில்டேர் குழு பால்வினை நோய் பத்தி ஒரு கதை பண்ண நினைச்சப்போ என்.பி.சி. முடியாதுன்னு மறுத்துடுச்சு. நிஜமா க்ளினிக்குக்கு வர்ற நோய்தான், ஆனா டிவி க்ளினிக்குல அதுக்கு அனுமதி இல்ல!

நடிகருக்கு வந்த கடிதங்கள்

ஜனங்க இதை எவ்வளவு நம்பினாங்க? 1969இல் 'மார்கஸ் வெல்பி, எம்.டி.' ஆரம்பிச்சது. அன்பான குடும்ப டாக்டர் கதை. ராபர்ட் யங் அதுல நடிச்சார். முதல் அஞ்சு வருஷத்துல அந்த டாக்டருக்கு ஏறக்குறைய 2,50,000 கடிதம் வந்தது. பெரும்பாலானது மருத்துவ ஆலோசனை கேட்டு! ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கிட்ட தன்னோட வலிக்கு வழி கேட்டிருக்காங்க. சிரிக்கலாம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுல ஏதோ பண்ணா கூகுள்ல தேடுற நாம ரொம்ப சிரிக்க முடியாது.

அந்த நம்பிக்கையால நல்லதும் நடந்தது. 1972இல் வந்த 'எமர்ஜென்சி!' தொடர் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டார தீயணைப்புத் துறையோட பாராமெடிக்குகளைப் பத்தினது. அப்போ அமெரிக்காவுல பாராமெடிக்கே ரொம்பப் புதுசு, சில ஊர்கள்ல மட்டும்தான் இருந்தாங்க. அடிபட்ட இடத்துலயே சிகிச்சையை ஆரம்பிக்க முடியும்னு கோடிக்கணக்கானவங்களுக்குக் காட்டினது அந்தத் தொடர்தான். அந்தச் சேவை நாடு முழுக்கப் பரவினதுல அதுக்கும் பங்கு உண்டுன்னு அந்தத் துறைக்காரங்களே இன்னிக்கும் சொல்றாங்க.

'ஈ.ஆர்.' வந்தது, கணக்கும் வந்தது

அப்புறம் 1994. 'ஈ.ஆர்.' 'ஜுராசிக் பார்க்' எழுதின மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டுல மருத்துவம் படிச்சவர். மாணவரா இருந்தப்போ பார்த்ததை வச்சு 1974இல் ஒரு திரைக்கதை எழுதினார். இருபது வருஷம் யாரும் அதை எடுக்கல. பல நோயாளிகள், பல கதைகள், அர்த்தமே சொல்லாம வேகமா ஓடுற மருத்துவ வார்த்தைகள். யாருக்குப் புரியும்னு தயங்கியிருப்பாங்க. கடைசியில அதையே பெரிசா மாத்தாம எடுத்தாங்க. எழுத்தாளர் அறையிலயே மருத்துவம் படிச்சவங்க உட்கார்ந்தாங்க: நீல் பேர், ஜோ சாக்ஸ். சாக்ஸ் நிஜமாவே எமர்ஜென்சி டாக்டர்.

இதுவரைக்கும் வந்ததுலயே நிஜமானதுன்னு எல்லாரும் பாராட்டிட்டு இருந்தப்போ, 1996இல் மூணு ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணினாங்க. 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', நிஜ சம்பவங்களைத் திரும்ப நடிச்சுக் காட்டுற 'ரெஸ்க்யூ 911', மூணுலயும் சேர்த்து 97 எபிசோடு. அதுல இதயம் நின்னு சி.பி.ஆர். பண்ணது 60 தடவை. அப்போதைக்குப் பிழைச்சவங்க 75 சதவீதம். வீடு திரும்பினதாத் தெரிஞ்சவங்க 67 சதவீதம். 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்'ல இது வெளியாச்சு.

நிஜத்துல? இன்னிக்கு அமெரிக்காவுல மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்னவங்கள்ல உயிரோட வீட்டுக்குப் போறவங்க ஏறக்குறைய பத்துல ஒருத்தர். மருத்துவமனைக்குள்ளயே நின்னா ஏறக்குறைய நாலுல ஒருத்தர். அதுவும் எல்லாரும் பழையபடி ஆயிடுறதில்ல.

இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? முதல் காரணம், ஆள். அந்த டிவி நோயாளிகள்ல 65 சதவீதம் பேர் குழந்தைகள், டீன் ஏஜ், இளைஞர்கள். நிஜத்துல இது பெரும்பாலும் வயசானவங்களுக்கு, ஏற்கெனவே இதய நோய் இருக்கிறவங்களுக்கு நடக்கிறது. ரெண்டாவது, கதை. நாற்பது நிமிஷத்துக்குள்ள ஒரு முடிவு வேணும். மூணாவது ரொம்ப எளிமையான காரணம்: படுத்திருக்கிறவர் உயிரோட இருக்கிற நடிகர். நிஜ சி.பி.ஆர்.ல நெஞ்சை அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை அழுத்தணும். விலா எலும்பு உடையலாம். அதை நடிகர் மேல பண்ண முடியாது. அதனால முழங்கையை மடக்கி, பூ மாதிரி அழுத்துறாங்க. நமக்கும் அது மென்மையான ஒரு வைத்தியமா மனசுல பதிஞ்சிடுது.

எல்லாத்துலயும் டிவி நம்பிக்கையை அள்ளிக் கொடுக்குதுன்னும் சொல்ல முடியாது. 2018இல் 'கிரேஸ் அனாட்டமி'யோட 269 எபிசோடுகள்ல அடிபட்டு வந்த 290 பேரை நிஜ நோயாளிகளோட ஒப்பிட்டாங்க. டிவியில 22 சதவீதம் பேர் செத்தாங்க, நிஜத்துல 7 சதவீதம். ஆனா பிழைச்சவங்க? பலத்த அடியோட வந்தவங்கள்ல பாதிப் பேர் ஒரு வாரத்துக்குள்ள டிஸ்சார்ஜ்! நிஜத்துல அப்படிப் போனவங்க 20 சதவீதம்தான். அப்புறமும் நீண்ட நாள் பராமரிப்பு தேவைப்பட்டவங்க டிவியில 6 சதவீதம், நிஜத்துல 22.

எனக்கு இங்கதான் விஷயம் பிடிபட்டது. டிவிக்கு சாவைக் காட்டுறதுல கஷ்டம் இல்ல, உயிர் திரும்பி வர்றதைக் காட்டுறதுலயும் கஷ்டம் இல்ல. நடுவுல இருக்கிறதைத்தான் காட்ட முடியல. மாசக்கணக்குல படுக்கை, பிசியோதெரபி, பாதி திரும்பின பேச்சு, பார்த்துக்கிறவங்களோட சோர்வு. டாக்டர் ஆலோசகரால ஊசியைத் திருத்த முடியும். கதைக்குள்ள இல்லாத ஆறு மாசத்தை அவரால சேர்க்க முடியாது.

ஒரு ஆச்சரியம்

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஜெர்மனியில மார்பர்க் பல்கலைக்கழகத்துல யூர்கன் ஷேஃபர்னு ஒரு பேராசிரியர், 'ஹவுஸ்' தொடரை வச்சு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். அவர்கிட்ட ஒரு நோயாளி வந்தார். இதயம் பலவீனமாகுது, பார்வையும் காதும் மங்குது, யாருக்கும் காரணம் புரியல. செயற்கை இடுப்பு மூட்டு வச்சவர். ஷேஃபருக்கு 'ஹவுஸ்'ல வந்த ஒரு கதை ஞாபகம் வந்தது: மூட்டுல இருந்து தேய்ஞ்சு ரத்தத்துல கலக்குற கோபால்ட் விஷம். சோதிச்சா, அதேதான்! 2014இல் 'லான்செட்' இதழ்ல அதை வெளியிட்டாங்க.

காத்திருப்பைக் காட்டின தொடர்

2025இல் வந்த 'தி பிட்' இந்த வரலாற்றுல ஒரு திருப்பம். 'ஈ.ஆர்.'ல இளம் மாணவரா வந்த நோவா வைலி இதுல களைச்சுப்போன மூத்த டாக்டர். அதே ஜோ சாக்ஸும் குழுவுல இருக்கார். முதல் சீசன்ல 15 எபிசோடு, ஒவ்வொண்ணும் ஒரே ஷிஃப்ட்டோட ஒரு மணி நேரம். நிரம்பி வழியுற காத்திருப்பு அறை, மேல வார்டுல கட்டில் இல்லாம கீழயே கிடக்கிற நோயாளிகள், எரிச்சலான சொந்தக்காரங்க. காத்திருப்பையே கதையாக்கிட்டாங்க.

அதுல ஒரு வயசான அப்பா வர்றார். செயற்கை சுவாசம் எல்லாம் வேண்டாம்னு முன்னாடியே எழுதி வச்சவர். பிள்ளைகளுக்கு மனசு வரல. "பண்ணுங்க"ன்னு சொல்றாங்க, குழாய் போடுறாங்க. அப்புறம் அவர் படுற பாட்டைப் பார்த்து, அவங்களே விடை கொடுக்கிறாங்க. அவர் சாகுறது பல எபிசோடுக்கு நீளுது. பார்க்க கஷ்டமாத்தான் இருந்தது.

1996இல் அந்த மூணு பேர் கவலைப்பட்டதும் இதைப் பத்தித்தான். ஐ.சி.யூ. வாசல்ல ஒருநாள் ஒரு டாக்டர் நம்மகிட்ட கேப்பார்: "இதயம் நின்னா சி.பி.ஆர். பண்ணலாமா? வென்டிலேட்டர் போடலாமா?" யோசிக்க அஞ்சு நிமிஷம்தான் இருக்கும். அப்போ மனசுல ஓடுறது புள்ளிவிவரம் இல்ல, எப்பவோ டிவியில பார்த்த சீன்.

அதுக்காக சி.பி.ஆர். வீண்னு யாரும் எடுத்துக்காதீங்க. ரோட்டுல ஒருத்தர் மூச்சுப் பேச்சில்லாம சாஞ்சா, பக்கத்துல இருக்கிறவர் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சா அவர் பிழைக்கிற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு கூடலாம். அரை நாள் பயிற்சி போதும், கத்துக்கோங்க. கையை மடக்காம அழுத்தச் சொல்லித் தருவாங்க, டிவியில பார்த்ததை மறந்திடலாம்.

வீட்டுல பெரியவங்க இருந்தா, அவங்களுக்கு என்ன வேணும், என்ன வேண்டாம்னு அவங்க நல்லா இருக்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க. பேச்சை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலையா? அடுத்த தடவை சேர்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அந்த ஷாக் சீன் வரும். அங்க ஆரம்பிக்கலாம்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.