ஃபேசட் மூட்டும் ஊசியும்

முதுகெலும்பில் அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளை முன்பக்கம் டிஸ்க்கும், பின்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு சிறு மூட்டுகளும் இணைக்கின்றன. பின்பக்கத்து மூட்டுகளுக்கு ஃபேசட் மூட்டு என்று பெயர். முழங்கால் மூட்டைப் போலவே இவற்றுக்கும் குருத்தெலும்பு, உறை, உயவுத் திரவம் எல்லாம் உண்டு. தேய்மானமும் உண்டு.

நாள்பட்ட இடுப்புவலிக்கு இந்த மூட்டுகள் காரணமாகலாம் என்று பாஸ்டன் நகர எலும்பு மருத்துவர் ஜோயல் கோல்ட்வெயிட் 1911இல் எழுதினார். 1933இல் மேயோ கிளினிக்கின் ரால்ஃப் கோர்ம்லி அந்த நோய்க்கு ‘ஃபேசட் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டார். பெயர் நிலைக்க நேரம் கிடைக்கவில்லை. மறு ஆண்டே பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் இருவரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கினார்கள். கண்ணால் பார்த்து, வெட்டி எடுக்கக்கூடிய காரணம் கையில் கிடைத்ததும் சிறு மூட்டுகளைத் தேடியவர்கள் மிகச் சிலரே. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பெரும்பாலான பழியும் டிஸ்க்கின் மேலேயே விழுந்தது.

இதற்கிடையே மருந்து வந்து சேர்ந்தது. 1948இல் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1951இல் ஹாலண்டர் என்ற மருத்துவர் ஹைட்ரோகார்ட்டிசோனை நேரே மூட்டுக்குள் ஏற்றும் முறையை வெளியிட்டார். முழங்காலுக்குச் செய்வதை முதுகுக்கும் செய்யலாமே என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் முதலில் அந்த மூட்டுதான் வலிக்கிறது என்று தெரியவேண்டும். 1963இல் ஸ்வீடனில் ஹிர்ஷ் குழுவினர் மூட்டை ஒட்டி அடர்ந்த உப்புநீரைச் செலுத்தி, பழக்கமான இடுப்புவலியை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். 1976இல் கலிஃபோர்னியாவில் மூனியும் ராபர்ட்சனும் எக்ஸ்ரே திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடி மூட்டுக்குள்ளேயே உப்புநீரை ஏற்றினார்கள். வலி தொடைவரை, சிலருக்குக் காலில் அதற்குக் கீழேயும் இறங்கியது. காலில் இறங்கும் வலியெல்லாம் டிஸ்க்கால் வருவதல்ல என்பது அப்போது உறைத்தது. பிறகு மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் ஸ்டீராய்டையும் அதே வழியில் செலுத்தினார்கள். ஃபேசட் ஊசி பரவியது இதற்குப் பிறகுதான்.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஸ்கைர்ம் ரீஸ் 1971இல் மெல்லிய கத்தியைத் தோல்வழியே நுழைத்து மூட்டின் நரம்பை அறுப்பதாகச் சொல்லி, 99.8 சதவீத வெற்றி கண்டதாக எழுதினார். மருத்துவத்தில் இப்படியோர் எண்ணைக் கண்டால் மகிழ்வதைவிடச் சந்தேகிப்பதே மேல். அதே நாட்டின் உடற்கூற்றியலாளர் நிக்கோலாய் பொக்டுக் நரம்பின் பாதையைத் துல்லியமாக வரைந்தபோது, அந்தக் கத்தி நரம்பை எட்டவே இல்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் நார்மன் ஷீலி கத்திக்குப் பதிலாக ரேடியோ அலையின் வெப்பத்தைப் பயன்படுத்தினார்.

1990களில் கணக்குப் பார்க்கும் காலம் வந்தது. 1991இல் கனடாவின் கரெட் குழு, மரப்பு மருந்தில் வலி தணிந்தவர்களை மட்டும் தேர்ந்து, பாதிப்பேருக்கு ஸ்டீராய்டும் மீதிப்பேருக்கு வெறும் உப்புநீரும் மூட்டுக்குள் செலுத்தியது. ஒரு மாதம் கழித்து நன்கு தேறியவர்கள் முறையே 42 சதவீதம், 33 சதவீதம். வேறுபாடு என்று சொல்லும்படி இல்லை. ஆறு மாதத்தில் ஸ்டீராய்டு முந்தியிருந்தும், இடையில் பிற சிகிச்சைகள் கலந்திருந்ததால் ஆய்வாளர்கள் அதை ஊசியின் பலனாக ஏற்கவில்லை. 1994இல் வாகன விபத்துக்குப் பின் கழுத்துவலி நீடித்த 41 பேரிடம் ஆஸ்திரேலியக் குழு சோதித்தது. வலி மீண்டும் பாதியளவுக்குத் திரும்ப ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு 3 நாள், மரப்பு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மூன்றரை நாள் ஆனது.

ஊசி சிகிச்சையாகத் தோற்றது, சோதனையாகப் பிழைத்தது. மூட்டின் நரம்பை மரக்கச்செய்து வலி நின்றால் மூட்டுதான் காரணம். ஒரே ஊசியை நம்பினால் கழுத்தில் 27, இடுப்பில் 38 சதவீதம் தவறான ‘ஆம்’ கிடைக்கும் என்று கண்டதால், குறைந்த நேரமும் கூடிய நேரமும் வேலைசெய்யும் இரு மருந்துகளை வெவ்வேறு நாளில் போட்டு ஒப்பிடும் முறை வந்தது. அவ்வாறு தேர்ந்த 24 பேரில் பாதிப்பேருக்கு 1996இல் ரேடியோ அலையால் கழுத்து மூட்டு நரம்பைச் சுட்டபோது, வலி பாதியளவு திரும்ப 263 நாள் ஆனது. போலிச் சிகிச்சை பெற்ற மீதிப்பேருக்கு 8 நாள்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட நெறிமுறை, இடுப்புவலிக்கு முதுகெலும்பு ஊசி போடவேண்டாம் என்கிறது. பிற சிகிச்சைகள் பலிக்காமல், சோதனை ஊசியில் வலி தணிந்தவர்களுக்கு மட்டும் நரம்பைச் சுடுவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது.