மருகமேமாச்சிக் கடைவீதி

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் மிகச் சிறியதான ஷிகொகுவில், ககாவா மாகாணத்தின் தலைநகராகிய தகமாட்சுவின் நடுவே, வடக்குத் தெற்காக 470 மீட்டர் நீளத்துக்கு ஓடும் வர்த்தக வீதி மருகமேமாச்சி. தன்னோடு இணைந்து கிடக்கும் ஏழு கடைவீதிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் தூரம், மழையும் வெயிலும் படாமல் கூரையின்கீழே நடந்து செல்லலாம். இவ்வகைக் கூரை வீதிகளில் ஜப்பானிலேயே மிக நீண்டது இத்தொகுதிதான் என்று அவ்வூரார் பெருமையுடன் சொல்லிக்கொள்வதுண்டு. ஆயினும் இவ்வீதி உலகத்தின் கவனத்துக்கு வந்தது அந்த நீளத்தினால் அன்று. நசித்துக்கொண்டிருந்த ஒரு கடைத்தெருவை அரசாங்கமோ வெளியூர் முதலாளிகளோ அல்லாமல், அதன் மனைகளுக்கு உரியவர்களே ஒன்றுகூடிப் புனருத்தாரணம் செய்துகொண்ட விதமே அதன் கீர்த்திக்குக் காரணம்.

இகோமா சிகமாசா என்னும் பிரபு 1588இல் இங்கே கடலோரக் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது, மேற்கேயுள்ள மருகமே என்னும் ஊரிலிருந்து வணிகர்களை வரவழைத்துக் குடியேற்றினார் என்பது பரம்பரையாக வழங்கிவரும் வரலாறு. வீதி தன் பெயரையும் அவ்வூரிடமிருந்தே பெற்றது. பிற்காலத்தில் ஹொன்ஷுவின் ஊனோ துறைமுகத்திலிருந்து புறப்படும் ரயில்வேக் கப்பல்கள் தகமாட்சுவிலேயே வந்து நின்றபடியால், தீவுக்குள் நுழைவோர் பெரும்பாலும் இந்நகரை மிதித்தே போகவேண்டியிருந்தது. பெரிய ஸ்தாபனங்களின் கிளைகள் இங்கே பெருகியதற்கும், மிட்சுகோஷி பேரங்காடி 1931இலேயே இவ்வீதிகளின் அருகில் கடை திறந்ததற்கும் அதுவே முகாந்திரம்.

இந்நிலை 1988ஆம் ஆண்டு ஏப்ரலில் மாறியது. உள்நாட்டுக் கடலைக் கடந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளும் செட்டோ பெரும்பாலம் திறக்கப்பட்டது, கப்பல் நின்றது, பாலமோ தகமாட்சுவில் அன்று, சற்று மேற்கேயுள்ள சகைதேயில் வந்து கரையேறியது. வீதி தோன்றிய 400ஆம் ஆண்டு விழாவை வணிகர்கள் கொண்டாடியதும் அதே வருஷத்தில்தான். விழாக்காலத்தில் கடைகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை, கல்லாப்பெட்டியும் நிரம்பத்தான் செய்தது. அந்த வேளையில், 500ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாட இந்த வீதி இருக்குமா என்ற கேள்வியை வீதி வணிகர் சங்கத்தின் மூத்தவர்கள் எழுப்பி, விடை தேடும் பொறுப்பை இளைய உறுப்பினர்களிடம் ஒப்படைத்தனர். வியாபாரம் படுத்த பிறகு கூடிப் பேசுவது எந்தக் கடைத்தெருவிலும் நடப்பதே. நன்றாக நடக்கும்போதே பேசத் துணிந்தது அபூர்வம்.

நாட்டில் பெரிய அங்காடிகள் நினைத்த இடத்தில் முளைத்துவிடாதபடி 1974 முதல் தடுத்துவந்த சட்டம், அமெரிக்காவுடன் நடந்த வர்த்தகப் பேச்சுகளின் விளைவாக 1990க்குப் பின் தளர்த்தப்பட்டு, 2000இல் அடியோடு நீக்கப்பட்டது. தகமாட்சுவின் சமவெளிப் புறநகரில், கார் நிறுத்த விஸ்தாரமான இடத்துடன், பேரங்காடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆனால் வீதியின் நோய் முழுவதும் வெளியிலிருந்து வந்ததன்று. 1980களின் பிற்பகுதியில் மனை விலை தாறுமாறாக ஏறியபோது, அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடிந்த ஆடை, அலங்காரக் கடைகளே மிஞ்சி, மீனும் காய்கறியும் விற்றவர்கள் மறைந்தனர். மாடியில் குடியிருந்த குடும்பங்கள் புறநகருக்குப் போயின. குடியிருப்போர் எண்ணிக்கை நூற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. மாலையில் கடையடைத்ததும் ஆளரவமற்றுப்போகும் தெருவில், அன்றாட உணவுக்கு வேண்டிய பொருள் எதுவும் கிடைக்காத நிலைமை வாய்த்தது. பிறகு மனை விலையும் சரிந்தபோது, கடன் வாங்கியிருந்தவர்கள் அகப்பட்டுக்கொண்டனர்.

விடை தேடும் பொறுப்பேற்ற இளைஞர்கள் பல ஊர்களுக்குச் சென்று பார்த்தனர். வெற்றி பெற்ற ஊர்களைக் காட்டிலும் தோற்றுப்போன ஊர்களையே தேடிச் சென்றதாகச் சங்கத் தலைவராக இருந்த புருகாவா கோசோ சொல்லியிருக்கிறார். வண்ணம் பூசுவதும், விளக்குச் சரம் கட்டுவதும், திருவிழா நடத்துவதும் வீதியின் மேனியைத் தொடுமே தவிர வேரைத் தொடுவதில்லை. குறுகிய முகப்பும் நீண்ட உடம்புமாக நெருக்கியடித்து நிற்கும் மனைகளில், ஒவ்வொருவரும் தத்தம் இஷ்டப்படி கடை வைத்தோ பூட்டியோ வைத்திருக்கும்வரை, எந்தக் கடை எங்கே இருக்கவேண்டும் என்று வீதி முழுமைக்குமாக நிச்சயிக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது. ஆகவே நிலத்தின் உடைமையையும் அதன் உபயோகத்தையும் பிரித்துவிடுவது என்று தீர்மானித்தனர். மருகமேமாச்சியின் உயிர்நாடி இந்தத் தீர்மானமே.

ஏற்பாடு வருமாறு: மனைக்காரர் மனையை விற்பதில்லை, ஏறத்தாழ 60 ஆண்டுக் குத்தகைக்குக் கூட்டாக விடுகிறார். கட்டடத்தை எழுப்பி, கடைகளைத் தேர்ந்து, வாடகை வசூலிக்கும் நிர்வாகத்தை, வணிகர்களே 1990களின் இறுதியில் அமைத்துக்கொண்ட நகராக்கக் கம்பெனி ஏற்கிறது. இதன் பங்குகளில் நகரசபைக்குரியவை நூற்றுக்கு 5 மட்டுமே. எஞ்சியவை சங்கத்தைச் சேர்ந்தவை. வசூலான வாடகையிலிருந்து முதலில் பராமரிப்புச் செலவும், அடுத்துக் கடன் தவணையும் கழிக்கப்பட்டு, மிச்சப்படுவதே மனைக்காரருக்கு நிலவாடகையாகப் பகிரப்படுகிறது. விற்பனை ஏறினால் அவர் வருமானம் ஏறும். இறங்கினால் முதல் அடி அவர் மேலேயே விழும். நிச்சயமான தொகை கேட்டிருந்தால் அவர் வீதியைப்பற்றிக் கவலைப்படவேண்டியதே இல்லாமல் போயிருக்கும். இப்படி வைத்ததனால் எதிர்ப்பக்கக் கடையின் கதியும் அவருடைய சொந்த விவகாரமாயிற்று. பழைய சட்டப்படி குத்தகைக்கு விட்ட நிலத்தை மீட்பது மிகக் கடினமாதலால் எவரும் இதற்கு இசைந்திருக்க மாட்டார்கள். தவணை முடிந்ததும் நிலம் திரும்பி வரும் என்று உறுதி கூறும் புதிய குத்தகைச் சட்டம் 1992இல் அமலுக்கு வந்தது காலத்தால் செய்த உதவி. சங்கத்துக்குக் கார் நிறுத்துமிடங்களிலிருந்து சொந்த வருமானம் இருந்ததையும் மறக்கலாகாது. ஆராய்ச்சிக்கும் நிபுணர்களுக்கும் வேண்டிய பணத்துக்கு அச்சங்கம் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கவில்லை.

வீதியை ஏழு பகுதிகளாக வகுத்து வேலை தொடங்கினர். வடகோடியில் உள்ள முதற்பகுதி 2006ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. கேள்வி எழுந்து 18 ஆண்டுகள் கடந்திருந்தன. அண்டை வீட்டாரின் சம்மதம் பெறுவதைவிட அரசாங்க அலுவலகங்களின் விதிகளைக் கடப்பதற்கே அதிக வருஷம் பிடித்ததென்று வணிகர்கள் குறைப்பட்டுக்கொண்டதில் நியாயமுண்டு. மூன்று கடைவீதிகள் கூடும் அவ்விடத்தில் 32 மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கும்மட்டம் எழுந்து, அதன்கீழ்ச் சதுக்கம் இசைக்கும் சந்தைக்கும் பயன்படலாயிற்று. அடுத்த பகுதிகள் 2010க்குள்ளும், விடுதியும் கடைகளும் அடங்கிய தென்பகுதி 2012 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. புதிய கட்டடங்களின் மேல்மாடிகளில் குடியிருப்புகள் அமைந்தன. அவற்றுக்கு அருகிலேயே வைத்தியசாலையும் வந்தது. கார் ஓட்ட இயலாத முதியோர், மின்தூக்கியில் இறங்கி மருத்துவரைப் பார்த்து, அப்படியே காய்கறியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்படி ஒரு தெரு இருக்கவேண்டும் என்பதே திட்டக்காரர்களின் உத்தேசம்.

இதன்மேல் ஆக்ஷேபணைகளும் உண்டு. கும்மட்டத்தைச் சுற்றி இடம்பெற்றவை வெளிநாட்டுப் பெயர்பெற்ற ஆடம்பரக் கடைகள். தலைமுறைகளாகத் தராசு பிடித்த சில குடும்பங்கள் கடையை விட்டு, வாடகைப் பங்கு பெறுவோராக மட்டும் நின்றுவிட்டன. வணிகர் வீதி என்பது வணிகரின் நிலமாகச் சுருங்கியது என்று ஒருவர் வருந்தினால் அதைத் தள்ளிவிட முடியாது. நடுவிலுள்ள பகுதிகளில் எல்லாம் இதே முறையும் வேகமும் கைகூடவில்லை. கூரையால் இணைந்த மற்ற வீதிகளில் இன்றும் இரும்புக் கதவு இறக்கிய கடைகள் பல. அவ்வீதிகளில் மனைக்காரர் பலர் வெளியூர்களில் வசிப்பவர்கள், சங்கங்களுக்கோ மருகமேமாச்சியைப் போன்ற கார் நிறுத்துமிட வருமானம் வாய்க்கவில்லை.