பனம்பழமும் ஒடியல் மாவும்

ஆவணி பிறந்தால் நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் பனம்பழம் விழும். அதைச் சுட்டு, தோலுரித்து, களி பிசைந்து, மாவும் சீனியும் கூட்டி எண்ணெயில் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். மிஞ்சிய களி பாயில் காய்ந்து பனாட்டாகும். கொட்டை பாத்தியில் முளைத்துக் கிழங்காகும். கிழங்கைக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். இடித்தால் பிட்டுக்கும் கூழுக்கும் மா. ஒரு பழத்திலிருந்து ஓராண்டுச் சீவியத்தைப் பிரித்தெடுத்த இந்தக் கலை பெரும்பாலும் பெண்களுடையது. நமது வரலாற்றாசிரியர்களோ ஒல்லாந்தர் நெடுந்தீவில் வளர்த்த குதிரைகளைப் பற்றியே பேசுகிறார்கள்!

1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தது; அரிசிக் கப்பல் நின்றது. பங்கீட்டுக் கடையின் கோதுமை மா அடுப்படிக்குள் புகுந்தது. போர் முடிந்தும் அது வெளியேறவில்லை. வெள்ளை மா விருந்தாளிக்கு, குரக்கனும் ஒடியலும் இல்லாதவனுக்கு என்றொரு சாதிப்பிரிவு மாவிலும் வந்துவிட்டது. பணியாரத்திலேயே இன்று கோதுமை மா கலக்கிறோம்.

1990இல் பொருளாதாரத் தடை இறுகியபோது குடாநாடு ஒடியலை மீண்டும் தேடியது. அதே போரில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. தீவுகளின் மக்களோ பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தார்கள்.

இப்போது ஒடியல் மா நகரத்தாருக்குச் சத்துணவு. அழகிய பொதியில் விற்கிறது. கிழங்கு கிண்டிய பெண்ணின் கூலி என்னவென்று அந்தப் பொதியில் நாம் எங்கும் வாசித்ததில்லை.