கடலூர் மாவட்டத்தில் பசுமைக் கட்டிடமும் பேண்தகு நடைமுறைகளும்

பசுமைக் கட்டிடம் என்பது நிலம், நீர், ஆற்றல், கட்டுமானப் பொருள் ஆகியவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தியும், கழிவைக் குறைத்தும், உள்ளிருப்போரின் உடல்நலத்தைப் பேணியும் வடிவமைக்கப்பட்டு, கட்டப்பட்டு, இயக்கப்படும் கட்டிடம் ஆகும். ஒரு நிறுவனம் தன் அன்றாடச் செயற்பாடுகளிலும் இதே நோக்கத்தைப் பின்பற்றுவது பேண்தகு நடைமுறை எனப்படுகிறது. அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை, கோயில் என எல்லா வகை நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம் இத்துறையைக் கற்க ஏற்ற இடமாகும். கடலூர் துறைமுகமும் வேதித் தொழிற்பேட்டையும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும், சிதம்பரத்தின் தொன்மையான கோயிலும் பல்கலைக்கழகமும், பிச்சாவரத்தின் அலையாத்திக் காடும் ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளன. ஒரு நிறுவனத்தின் பசுமையை அதன் மதிலுக்குள் மட்டும் அளந்துவிட முடியாது என்பதற்கு இம்மாவட்டத்தின் பட்டறிவு சான்றாக உள்ளது.

தோற்றமும் தரச்சான்றுகளும்

1987 இல் வெளியான ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே பேண்தகு வளர்ச்சி என வரையறுத்தது. கட்டிடங்களுக்கான முதல் தர மதிப்பீட்டு முறை 1990 இல் பிரித்தானியாவில் அறிமுகமானது. அமெரிக்கப் பசுமைக் கட்டிட அவை 1993 இல் தொடங்கப்பட்டு, பின்னர் 'லீட்' என்னும் மதிப்பீட்டு முறையை உருவாக்கியது.

இந்தியப் பசுமைக் கட்டிட அவை 2001 இல் தொடங்கப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003 இல் லீட் பிளாட்டினம் தரம் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே இத்தரத்தைப் பெற்ற முதல் கட்டிடம் இதுவாகும். இந்தியச் சூழலுக்கென உருவாக்கப்பட்ட 'கிரிகா' மதிப்பீட்டு முறையும், வணிகக் கட்டிடங்களுக்கான ஆற்றல் சேமிப்புக் கட்டிட விதித்தொகுப்பும் 2007 இல் அறிமுகமாயின. இவ்விதித்தொகுப்பு 2017 இல் திருத்தப்பட்டது.

கட்டிடத்துக்கு அப்பால் நிறுவனத்தின் நிர்வாக முறையை மதிப்பிட, 1996 இல் வெளியான ஐ.எஸ்.ஓ 14001 என்னும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரம் பயன்படுகிறது. இந்தியாவின் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தம் பேண்தகு செயற்பாடுகள் குறித்த அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் வெளியிட வேண்டும் எனப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் கட்டாயமாக்கியது.

தட்பவெப்பமும் கட்டிட வடிவமும்

கடலூரும் சிதம்பரமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 முதல் 12 பாகைக்குள் அமைந்தவை. இங்கு வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. காலையிலும் மாலையிலும் தாழ்வான கோணத்தில் விழும் வெயிலே கிழக்கு, மேற்குச் சுவர்களை அதிகமாகச் சூடாக்குகிறது. ஆகவே கட்டிடத்தின் நீண்ட அச்சைக் கிழக்கு மேற்காக வைத்து, சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் அமைப்பது பொருத்தமானது. கோடையின் நடுவில் நண்பகல் கதிரவன் தலைக்கு வடக்கே சாய்வதால், வடக்குச் சன்னல்களுக்கும் வெயில் மறைப்பு தேவைப்படுகிறது.

இப்பகுதியின் பழைய வீடுகளில் காணப்படும் திண்ணை, முற்றம், ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சாந்து ஆகியவை இத்தட்பவெப்பத்துக்கு ஏற்றவை. முற்றம் சூடான காற்றை மேலே வெளியேற்றுகிறது. திண்ணையின் தாழ்வாரம் சுவரில் நேரடி வெயில் படாமல் காக்கிறது.

நவீனக் கட்டிடங்களுள், கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் உள்ள கோல்கொண்டே விடுதி குறிப்பிடத்தக்கது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் 1930களில் வடிவமைத்த இக்கட்டிடம் 1940களில் நிறைவுற்றது. வடக்கு, தெற்கு முகப்புகள் முழுவதும் திறந்து மூடக்கூடிய கிடைத்தட்டிகளால் ஆனவை. குளிர்சாதனக் கருவியின்றியே காற்றோட்டமும் நிழலும் கிடைக்கும் வகையில் இது அமைக்கப்பட்டது. தரச்சான்று முறைகள் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பசுமைக் கட்டிடக் கோட்பாடுகள் செயற்படுத்தப்பட்டமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

நீர் மேலாண்மை

கடலூர் மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் இம்மாவட்டத்தின் வழியாகவோ எல்லையிலோ ஓடிக் கடலை அடைகின்றன. எனவே சில வாரங்கள் வெள்ளமும், கோடையில் நீர்ப் பற்றாக்குறையும் இங்கு மாறி மாறி ஏற்படுகின்றன. கரையோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்ப்பாகின்றன.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 இல் கட்டாயமாக்கப்பட்டது. இதன் பயனை எளிய கணக்கால் அறியலாம். 100 சதுர மீட்டர் கூரையில் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,20,000 லிட்டர் நீர் விழும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆவியாதல் முதலியவற்றால் இழக்கப்பட்டாலும் 96,000 லிட்டர் எஞ்சும். 1,000 சதுர மீட்டர் கூரையுடைய ஒரு பள்ளியோ அலுவலகமோ இதைப்போல் பத்து மடங்கு நீரைத் தொட்டியில் சேமிக்கலாம் அல்லது நிலத்துக்குள் செலுத்தலாம். வடிகட்டியையும் குழாயையும் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் தூய்மை செய்யாவிடில் இவ்வமைப்பு பெயரளவில் மட்டுமே இருக்கும்.

சிதம்பரம் நடராசர் கோயிலின் சிவகங்கைக் குளமும், சோழர் காலத்தில் உருவான வீராணம் ஏரியும் நீரைத் தேக்கிப் பயன்படுத்தும் பழைய மரபின் சான்றுகள். 2020 டிசம்பரில் புரெவிப் புயலை ஒட்டிப் பெய்த கனமழையில் கோயில் வளாகத்துக்குள்ளேயே நீர் தேங்கியது. ஒரு வளாகத்தின் வடிகால், நகரின் வடிகாலையும் அதற்கப்பால் உள்ள ஆறுகளையும் சார்ந்தே இயங்குகிறது.

கட்டுமானப் பொருட்கள்

நெய்வேலி அனல்மின் நிலையங்களில் பழுப்பு நிலக்கரி எரிக்கப்படும்போது எரிசாம்பல் கிடைக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த இச்சாம்பலைச் செங்கல், சிமெண்ட் ஆகியவை செய்யப் பயன்படுத்தலாம். எரிசாம்பல் கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை. ஆதலால் வயல்களின் மேல்மண்ணும் விறகும் மிச்சமாகின்றன. சாம்பல் கலந்த போசோலானா சிமெண்ட்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை எரிசாம்பல் சேர்க்க இந்தியத் தரநிர்ணயம் இடமளிக்கிறது. சேர்க்கப்படும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும் தேவையும், அதனால் வெளியாகும் கரியமில வாயுவும் குறைகின்றன.

அனல்மின் நிலையங்களுக்கு அருகில் கட்டுமானப் பொருட்கள் செய்வோர் எரிசாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என 1999 இல் நடுவண் அரசு அறிவிக்கை வெளியிட்டது. முதலில் 50 கிலோமீட்டராக இருந்த சுற்றளவு 2003 இல் 100 கிலோமீட்டராகவும், 2016 இல் 300 கிலோமீட்டராகவும் விரிக்கப்பட்டது. கடலூர், சிதம்பரம் ஆகிய இரு நகரங்களும் நெய்வேலியிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ளன.

சுடாத மண்கட்டி மற்றொரு மாற்றுப் பொருளாகும். அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் உள்ள ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், சிறிதளவு சிமெண்ட் கலந்த மண்ணை அழுத்திக் கட்டி செய்யும் முறையை 1989 முதல் வளர்த்துக் கற்பித்து வருகிறது. கடற்கரையை ஒட்டிய கட்டிடங்களில் உப்புக்காற்றால் கம்பிகள் துருப்பிடிக்கும் என்பதால், கம்பியை மூடும் கற்காரையின் தடிமனும் தரமும் கட்டிடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. நீண்ட காலம் நிற்கும் கட்டிடமே பொருட் செலவைக் குறைக்கும் கட்டிடமாகும்.

ஆற்றல்: நெய்வேலியின் இரு முகங்கள்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 இல் தொடங்கப்பட்டது. 2016 முதல் இது என்.எல்.சி இந்தியா எனப்படுகிறது. சுரங்கத்தின் அடியில் அழுத்தத்துடன் உள்ள நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் இங்கு நிலக்கரி வெட்ட முடியும். மேலும், பழுப்பு நிலக்கரி ஓர் அலகு மின்சாரத்துக்குக் கருநிலக்கரியைவிடக் கூடுதலான கரியமில வாயுவை வெளியிடுகிறது.

மறுபுறம், வெட்டிக் கொட்டப்பட்ட மண்மேடுகளில் மரம் வளர்த்தலும், நெய்வேலியில் சூரிய மின்நிலையங்கள் அமைத்தலும் இந்நிறுவனத்தின் பணிகளாக உள்ளன. 1962 இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் ஒவ்வொன்றும் 500 மெகாவாட் திறனுடைய இரு அலகுகள் கொண்ட புதிய நிலையம் அமைக்கப்பட்டது. சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை உழவர்கள் எதிர்த்து வந்துள்ளனர். 2023 ஜூலையில் வளையமாதேவி பகுதியில் நெற்பயிர் நின்ற வயல்களின் ஊடே கால்வாய் வெட்டப்பட்டபோது இவ்வெதிர்ப்பு தீவிரமடைந்தது.

அலுவலகங்களும் கல்லூரிகளும் மின் பயன்பாட்டைக் குறைப்பதன் பொருளை இங்கு நேரடியாகக் காணலாம். வீணாகும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்குப் பின்னாலும் நிலமும் நீரும் சாம்பலும் உள்ளன.

தொழிற்பேட்டையும் மதிலுக்கு வெளியே உள்ள ஊரும்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை உப்பனாற்றை ஒட்டி 1980களில் உருவானது. வேதிப்பொருள், சாயம், மருந்து ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் இங்கு அமைந்தன. அருகிலுள்ள ஊர்களின் மக்கள் துர்நாற்றம், நீர் மாசு ஆகியவை குறித்துத் தொடர்ந்து முறையிட்டு வந்தனர். 2004 இல் ஊர்மக்கள் அடங்கிய ஒரு கண்காணிப்புக் குழு, வாளியில் பொருத்திய பையைக் கொண்டு காற்று மாதிரி எடுக்கும் எளிய முறையைப் பயன்படுத்தி, ஆய்வகச் சோதனை முடிவுகளை வெளியிட்டது.

நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 இல் வெளியிட்ட மதிப்பீட்டில், நாட்டின் மிகவும் மாசடைந்த 43 தொழிற்பகுதிகளுள் கடலூரும் ஒன்றாக இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து வேலூர், மணலி, கோயம்புத்தூர் ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. 2010 இல் இப்பகுதிகளில் புதிய திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. தனித்தனி ஆலைகளின் உள்நிர்வாகம் எவ்வாறிருப்பினும், பல ஆலைகளின் கூட்டு விளைவைத் தனியே அளக்க வேண்டியுள்ளது என்பதை இம்மதிப்பீடு காட்டியது.

இயற்கைப் பேரிடரும் இடத்தேர்வும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயலை ஒட்டிய வெள்ளம் ஆகியவை கடலூர் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. எனவே இங்கு இடத்தேர்வு பசுமைக் கட்டிடத்தின் முதற்படியாகும். நீர்வழிகளையும் சதுப்பு நிலத்தையும் மேடாக்கிக் கட்டப்படும் கட்டிடம், எத்தனை சூரியத் தகடுகளைத் தாங்கியிருந்தாலும், வெள்ளத்தை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடுகிறது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022 இல் ராம்சர் சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் ஆழிப்பேரலையின் சேதம் குறைவாக இருந்ததாக, அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2005 ஆய்வு உட்படச் சில ஆய்வுகள் தெரிவித்தன. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே முதன்மைக் காரணங்கள் என 2006 இல் வெளியான மறு ஆய்வொன்று வாதிட்டது. காடு, தொலைவு, உயரம் ஆகிய மூன்றையும் கருதிக் கட்டுவதே இவ்விவாதத்திலிருந்து பெறத்தக்க பாடமாகும்.

நிறுவனங்கள் கடைப்பிடிக்கத்தக்க நடைமுறைகள்

* மாதந்தோறும் மின்சாரம், நீர், கழிவு ஆகியவற்றின் அளவைப் பதிவு செய்து அறிவிப்புப் பலகையில் வெளியிடல்.
* ஆற்றல் தணிக்கை செய்தல். நட்சத்திரக் குறியீடு பெற்ற கருவிகளை வாங்கல்.
* குப்பையை மக்கும், மக்காத, தீங்கு தரும் கழிவு என மூலத்திலேயே பிரித்தல்.
* 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ள ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களைத் தவிர்த்தல்.
* வேம்பு, புங்கம், பூவரசு போன்ற உள்ளூர் மரங்களை வளர்த்தல்.
* வளாகத்திலிருந்து வெளியேறும் நீர் எங்குச் செல்கிறது என்பதைக் கண்டறிந்து வரைபடமாக வைத்திருத்தல்.

விமர்சனங்கள்

பசுமைத் தரச்சான்றுகள் பெரும்பாலும் வடிவமைப்பையே மதிப்பிடுகின்றன. கட்டிடம் இயங்கத் தொடங்கியபின் உண்மையான மின், நீர்ப் பயன்பாடு கணிப்பைவிட மிகுதியாக இருக்கலாம் என்பது முதன்மையான விமர்சனமாகும். சான்றிதழுக்கான செலவு சிறிய நிறுவனங்களுக்குச் சுமையாகிறது. மாசு விளைவிக்கும் ஒரு நிறுவனம் தன் தலைமை அலுவலகத்தை மட்டும் பசுமையாக்கி நற்பெயர் தேடக்கூடும் என்பதும் சுட்டிக்காட்டப்படுகிறது.

இக்காரணங்களால், கட்டிடத்தின் புள்ளிகளோடு நிறுவனம் எடுக்கும் நீர், வெளியேற்றும் கழிவு, அண்டை மக்களின் உடல்நலம் ஆகியவற்றையும் சேர்த்து, அளவீடுகளைப் பொதுமக்கள் அறிய வெளியிடும் முறை வலியுறுத்தப்படுகிறது. சுரங்கமும் ஆலைகளும் கழிமுகங்களும் நெருங்கி அமைந்த கடலூர் மாவட்டத்தில் இதன் தேவை மிகுதியாகும்.