பதுளை டவுனும் துணைக்கு வந்தவர்களும்

ஊவாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழருக்குப் பதுளை, நூறாண்டுக்கும் மேலாக, பாஷை புரியாத ஊராகவே இருந்தது. பசறை, மடுல்சீமை, தெமோதரை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய மாவட்டத் தலைநகரம் அது. மாவட்டத்தின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். இருந்தும் மாவட்ட அரச காரியாலயமான கச்சேரிக்கோ கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியிருந்தால், தோட்டத்து ஆள் முதலில் தேடியது தனக்காகப் பேசக்கூடிய ஒருவரைத்தான். அந்தத் துணையாள் யார் என்பது காலத்துக்குக் காலம் மாறிவந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பிப் பயிர் ஊவா மலைகளுக்குப் பரவியபோது, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஆட்கள், ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் கூட்டமாக வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து, அங்கிருந்து மலையேறினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு நடை குறைந்தது. கோச்சிப் பாதை 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. பயணம் எப்படி இருந்தாலும் வழி கேட்பது, அரிசி வாங்குவது, அதிகாரிக்குப் பதில் சொல்வது எல்லாம் கங்காணியின் வேலை. வந்தவர்களுக்கு இடையில் கடந்த ஊர்களோடு பேச்சுத் தொடர்பே ஏற்படவில்லை.

தோட்டமும் அதே முறையில் அமைந்தது. லயன் காம்பரா, அரிசி, கடை, மருந்து, பின்னாளில் பள்ளிக்கூடம் எல்லாம் எல்லைக்குள்ளேயே இருந்தன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தச் சட்டத்தின்படி, முறையான அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். கங்காணிக்குப் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் சேரவும் முடியாது. 1920களின் தொடக்கத்தில் அந்தத் தண்டனை விதிகளும் துண்டு முறையும் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளி தன் விருப்பப்படி நகரத்தில் நடமாடிப் பழக வாய்ப்பே குறைவு. ஒரு மொழியைக் காதால் கேட்டுப் பிடித்துக்கொள்ள அந்த மொழி பேசுபவர்களோடு புழங்க வேண்டும். அந்தப் புழக்கத்தைத்தான் தோட்ட அமைப்பு மறித்தது.

உள்ளே தமிழ் மட்டுமே போதும் என்பதால், தமிழ் கற்க வேண்டியிருந்தது தோட்டத்தை நடத்திய துரைக்குத்தான். ஏ. எம். பெர்குசன் தொகுத்த ‘இங்கே வா’ என்ற கையேடு 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பில் அச்சாகிச் சின்னத்துரைமாரின் பையில் இருந்தது. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 1915இல் ‘கூலித் தமிழ்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் போடுவது, மலை பிரிப்பது, கொழுந்து நிறுப்பது, கவ்வாத்து வெட்டுவது, தாமதித்தவரை அதட்டுவது ஆகியவற்றுக்கு வேண்டிய பேச்சே இவ்வகைக் கையேடுகளின் பாடம். ஏவல் வினை நன்றாக வரும். எதிரே நிற்பவர் தன் குறையை விரிவாகச் சொன்னால் அதைப் பின்தொடர அந்தத் தமிழ் உதவாது. ஆகவே தோட்டத்துக்குள்ளும் கணக்கப்பிள்ளையும் பெரிய கங்காணியும் நடுவில் நின்றார்கள்.

அக்காலப் பதுளை பல மொழிகளின் ஊர். கச்சேரியிலும் கோர்ட்டிலும் ஆங்கிலம் நடந்தது. சுற்றுக் கிராமங்களில் சிங்களம். கடைவீதியில் மட்டும் தோட்டத்து ஆளுக்கு மூச்சு விட முடிந்தது. வீட்டில் தமிழும் வியாபாரத்தில் சிங்களமும் பேசிய முஸ்லிம் வர்த்தகர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களோடு செட்டிமாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞரும் இருந்தார்கள். தோட்டத்துக்கு மரக்கறி கொண்டுவந்து விற்ற சிங்களக் கிராமத்தவரும் வேண்டிய அளவுக்குத் தமிழ் பேசினார்கள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கவும் பாத்திரம் வாங்கவும் போனவர் பெரும்பாலும் தமிழிலேயே பேரம் பேசித் திரும்பினார்.

கஷ்டம் கோர்ட்டில்தான். ஒப்பந்தத்தை மீறியதாக நிறுத்தப்பட்ட தொழிலாளியின் வாக்குமூலம் துவிபாஷகர் வழியாகவே நீதவானின் காதுக்குப் போனது. மனு வேண்டுமானால் கச்சேரி வாசலில் மேசை போட்டிருந்த பெட்டிசம் எழுதுபவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் கூடவே வந்தவர், அந்த ஆள் யாருக்குக் கடன்பட்டிருந்தானோ அதே கங்காணி. கடன் கொடுத்தவனை நம்பித் தன் வழக்கைச் சொல்ல வேண்டிய நிலையே அக்காலத்து மொழிப் பிரச்சினையின் மிகக் கசப்பான பகுதி.

1930களின் இறுதியில் தொழிற்சங்கங்கள் துணையாளின் இந்த இடத்தைப் பிடித்தன. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. 1940இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தில், லங்கா சமசமாஜக் கட்சியின் சிங்களத் தலைவர்களும் தமிழ்த் தொழிலாளரும் ஒன்றாக நின்றனர். தொழிலாளரே அமைத்த குழுவோடு கலந்துபேசத் துரை இணங்கவேண்டி வந்தது. இதன் பிறகு நகரத்துச் சங்கக் காரியாலயமே தோட்டத்து ஆள் முதலில் ஏறும் படியானது. அங்கே கடிதம் எழுதித் தந்தார்கள், கச்சேரிக்குக் கூட வந்தார்கள். சந்தாவைத் தவிர வேறு கடன் அங்கே இல்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டமும், நகரத்துக்குப் போவதை வாழ்வா சாவா என்ற காரியமாக்கின. பிரஜாவுரிமை பெற, எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார், எங்கே பிறந்தார், குடும்பம் எங்கே என்பதைத் தாளில் நிரூபிக்க வேண்டும். தோட்டத்தில் பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. புரியாத படிவத்தில் ஒரு தேதி பிசகினால் விண்ணப்பம் தள்ளப்பட்டது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது நாடற்றவர்கள் என்று கணக்கிடப்பட்டோர் 9,75,000 பேர்.

இதற்கிடையே 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரச கரும மொழியாக்கியது. 1961 தொடக்கத்தில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழுக்கு இடமளிக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான விதிகள் 1966இல்தான் வந்தன; அவையும் பெரும்பாலும் வடக்கு கிழக்கையே மனத்தில் கொண்டவை. ஆங்கிலம் நடந்த காலத்தில் கச்சேரி வாசலில் சிங்களக் கிராமத்தவரும் தோட்டத் தமிழரும் ஒரே மாதிரித்தான் நின்றார்கள். இப்போது தமிழர் மட்டும் நின்றார்கள். கிராமத்தவருக்குக் கிடைத்தது நியாயமான உரிமை; அதே உரிமை பக்கத்தில் நின்றவருக்கு மறுக்கப்பட்டது என்பதே இதிலுள்ள அநீதி.

அதன் விளைவு சின்னச் சின்ன விஷயங்களில் தெரிந்தது. பஸ் பலகையைப் படிக்க முடியாதவர் இலக்கத்தைப் பார்த்தும் நடத்துநரின் கூவலைக் கேட்டும் ஏறினார். கொழும்பு வீதிக்கு 99 என்பது எழுத்தறியாத கிழவிக்கும் தெரியும். பெயர்ப் பிரச்சினை அப்படி எளிதாகத் தீரவில்லை. தமிழில் ‘ப’ ஒன்றே. சிங்களத்தில் அதற்கு வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனி எழுத்துகள். ‘ழ’வுக்குச் சிங்களத்தில் எழுத்தில்லை. பழனியம்மாள் என்று சொன்னதைக் காதில் விழுந்தபடி பதிவாளர் எழுதினார். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒரு விதம், அடையாள அட்டையில் மூன்றாவது விதம். ஓய்வுபெறும்போது சேமலாப நிதி கேட்கப் போனால், மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். கையில் கொடுத்த தாளில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே படிக்க முடிந்திருந்தால், அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம்.

1983 ஜூலைக் கலவரத்தில், 27ஆம் தேதி பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தோட்டத்து ஆளுக்குப் பேச்சுத்துணையாக இருந்த கடைகள் பல அதோடு போயின. அதன் பின் டவுனில் வாய் திறந்து தமிழ் பேசவே பயந்த காலம் நெடு நாள் நீடித்தது. சிங்களம் கற்பதற்கு அப்போது பாதுகாப்பும் ஒரு காரணமானது.

சட்டம் மெல்லத் திரும்பியது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் நிர்வாக, நீதிமன்ற மொழி பற்றிய விதிகளைச் செய்தது. 1999இல் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. 2007 ஜூலைக்குப் பின் சேரும் அரச ஊழியர் ஐந்தாண்டுக்குள் இரண்டாம் மொழியில் தேற வேண்டும் என்று அவ்வாண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை விதித்தது.

அறிவித்தல் பலகைகளும் படிவங்களும் இப்போது பல இடங்களில் மும்மொழியில் உள்ளன. தமிழ் தெரிந்த உத்தியோகத்தரின் எண்ணிக்கைதான் தேவைக்கு எட்டவில்லை. சிங்களத்தில் எழுதிய பொலிஸ் முறைப்பாட்டில், வாசித்துப் பார்க்க வழியின்றிக் கையொப்பமிடுவது அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு வரும் பழைய குறைகளில் ஒன்று. டவுனில் கடை வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்ச் சிங்களம் பழகிய மகனோ மகளோதான் இன்றைய துணையாள். பெற்றோருக்கு ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து, டாக்டர் கேட்பதைச் சொல்லி, மருந்துச் சீட்டைப் படித்துக் காட்ட அவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்கள்.