வலது கையின் வரலாறு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது.

போன மாதம் மாட்டுங்கா மாமி ஒருவரின் காசோலை என் மேஜைக்கு வந்தது. பென்ஷன் கணக்கு. கையெழுத்து ஒத்துப்போகவில்லை. "கை நடுங்கறதுடீம்மா, நான் என்ன பண்ணுவேன்?" என்றார். புது மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. என் கையெழுத்தே மாறி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் இன்னும் மாற்றிக் கொடுக்கவில்லை!

2017-ல் எனக்கு வலது மார்பில் புற்றுநோய். மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, ரேடியேஷன், தினம் ஒரு மாத்திரை. ஒன்றரை வருடம் கழித்து வலது கை வீங்க ஆரம்பித்தது. லிம்ஃபிடீமா என்று பெயர். முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை. நான் பி.காம். படித்தவள், எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அக்குள்தான் கையின் கிளியரிங் ஹவுஸ். கையில் கசியும் நீரெல்லாம் அதன் வழியாகத்தான் திரும்பி ரத்தத்துக்குப் போக வேண்டும். அதை மூடிவிட்டால் பாக்கி தேங்கத்தானே செய்யும்? அன்றிலிருந்து இறுக்கமான உறை மாட்டிக்கொள்கிறேன். பிபி பார்ப்பதுகூட இடது கையில்தான். லோக்கல் ட்ரெயினில் மேல் கைப்பிடியை இடது கையால் பிடிக்கப் பழகி வருடங்கள் ஆயிற்று.

இது ஏன் எனக்கு என்று தேடப்போய்க் கிடைத்ததுதான் இந்த வரலாறு.

1882-ல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் ஒரு முறையை ஆரம்பித்தார். மார்பு, அதன் அடியில் இருக்கும் தசைகள், அக்குள் முடிச்சுகள் என்று எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவது. நோய் இருந்த இடத்திலிருந்து அக்கம்பக்கமாகத்தான் பரவும், எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது கணக்கு. 1894-ல் ஐம்பது நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். அடுத்த எழுபது எண்பது வருடம் உலகம் முழுக்க இதுதான் வழி. நம் பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941-ல் திறந்தபோதும், அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் தொடங்கியபோதும் மருத்துவ உலகம் நம்பியது இதைத்தான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. 1921-ல் அதே ஹால்ஸ்டெட், இந்த அறுவைக்குப் பிறகு வரும் கை வீக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், கத்தியால் வந்த யானைக்கால்! நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்தாயிற்று. ஆனால் உயிர் பிழைத்தது பெரிதா, கை பெரிதா என்ற கேள்வியில் கை எப்போதும் தோற்றுப்போயிருக்கிறது.

அந்தக் கணக்கைத் திருப்பித் தணிக்கை செய்தவர் அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷர். 1971-ல் ஒரு சோதனை, 1976-ல் இன்னொன்று. இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசி 1973-ல் ஒன்று. இருபது இருபத்தைந்து வருடம் பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2002-ல் முடிவுகள் வந்தன. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களும், மார்பு முழுவதையும் எடுத்தவர்களும் ஒரே அளவுதான் வாழ்ந்திருந்தார்கள். 1994-ல் அக்குளுக்கும் வழி பிறந்தது. சாயம் செலுத்தி, நோய் முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும் கண்டுபிடித்து எடுத்துப் பார்ப்பது. அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடலாம். எனக்கு நிறைய முடிச்சுகளில் நோய் இருந்ததால் அந்த வாய்ப்பு இல்லை. அதில் வருத்தம் உண்டு, புகார் இல்லை.

மனசின் கதை இன்னும் பழசு. ஃபானி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811-ல் பாரிசில், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், மார்பை எடுத்தார்கள். அதன் பிறகு 1840 வரை வாழ்ந்தார். ஆனால் நடந்ததை அக்காவுக்குக் கடிதமாக எழுதி முடிக்க மாதக்கணக்கானது. எழுதியதைத் திருப்பிப் படிக்கவே அவரால் முடியவில்லை. ஒவ்வொரு செக்கப்புக்கும் முந்தின ராத்திரி எனக்கு வருவதும் அதே பயம்தான். "அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதை எப்படி விளக்க? நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர், புற்றுநோய்க்காரர்களின் மனசுக்கென்றே தனிப் பிரிவு ஆரம்பித்தது 1977-ல்தான். கத்திக்குக் கிடைத்த கவனம் மனசுக்குக் கிடைக்க அவ்வளவு காலம்!

செம்பூரில் பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில் தாராவிக்காரப் பெண் ஒருத்தி பழக்கம். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். காலையில் இட்லிப் பாத்திரம் தூக்கி வியாபாரம். அவளுக்கும் வலது கைதான். "வெயிட்டே தூக்கக் கூடாதுங்காங்க. தூக்காம எப்படிக்கா சோறு திங்கிறது?" என்றாள்.

அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லி வந்தார்கள். 2009-ல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேர் உறை போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் அதிகமாகவில்லை. திடீரென்று கிளம்பும் தொந்தரவு குறைந்தது. இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். "அப்ப நான் படிக்காமலே சரியாத்தான் செஞ்சிருக்கேன்!" உறை மட்டும் போடவில்லை. இப்போது போடுகிறாள்.

இன்று காலை நானும் மாதிரிக் கையெழுத்துப் படிவத்தை எடுத்தேன். மூன்று இடத்தில் போட வேண்டும். கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் பெரிதாக, மூன்றும் ஒரே மாதிரி வந்தது. பழைய கையெழுத்து திரும்பி வரும் என்று காத்திருந்தேனோ என்னவோ. இனி இதுதான் என் கையெழுத்து.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வைத்தியம் முடிந்து வந்திருந்தால், "குணமாயிடுச்சா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "கை எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள்.

பி.கு.: நான் டாக்டர் இல்லை. எடை தூக்குவதெல்லாம் உங்கள் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டுவிட்டு, சரியா?